வியட்நாம், ஹார்லெம், லேடர் 3: கேப்டன் பேட்ரிக் பிரவுன்

வாசகர் ஒருவரின் கேள்வி, 11 செப்டம்பர் 2023

ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் நியூயார்க் தீயணைப்பு கேப்டன் பேட்ரிக் பிரவுனின் படத்தை யாராவது பகிர்கிறார்கள். வியட்நாமில் இருந்த மரீன் சார்ஜென்ட். அப்புறம் தீயணைப்புத் துறையில் சேர்ந்து மார்பு நிறையப் பதக்கம். கடைசியில் உலக வர்த்தக மையத்தில் ஏறியவர் திரும்பவில்லை. என் கருத்து இதுதான்: போரில் சாவைப் பார்த்துப் பழகியவருக்குத் தீ ஒரு பொருட்டே இல்லை. பயம் செத்துப்போன ஆள்தான் இப்படி ஏற முடியும். நம் ஊரிலும் தீயணைப்பு வேலைக்கு முன்னாள் ராணுவத்தினரை மட்டும் எடுத்தால் என்ன? துறையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

11 செப்டம்பர் 2023, இரவு

துறையில் இருந்தவன் சொல்கிறேன். தென்மாவட்ட நிலையங்களில் வேலை பார்த்து முன்னணி தீயணைப்பாளராக ஓய்வு பெற்றேன். பயம் செத்துப்போன ஆளை எந்த நிலைய அலுவலரும் விரும்பி வண்டியில் ஏற்ற மாட்டார். அவனைத் தேடி இன்னும் இரண்டு பேர் உள்ளே போக வேண்டி வரும்.

பிரவுன் அப்படிப்பட்டவர் இல்லை. நாளை எழுதுகிறேன்.

12 செப்டம்பர் 2023

பிறந்தது 1952. வளர்ந்தது நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில். சின்ன வயதிலேயே மரீன் படையில் சேர்ந்து வியட்நாம் போய், சார்ஜென்டாகத் திரும்பினார். எழுபதுகளின் பிற்பகுதியில் நியூயார்க் தீயணைப்புத் துறைக்கு வந்தார். இந்தக் காலக்கட்டத்தைக் கவனிக்காமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது.

அந்த நகரம் அப்போது எரிந்துகொண்டிருந்தது. தெற்கு பிராங்ஸ், ஹார்லெம், புரூக்ளினின் சில பகுதிகள் என்று வாடகைக் குடியிருப்புகள் தெருத்தெருவாக எரிந்தன. வீட்டுக்காரர்கள் கைவிட்ட கட்டடங்கள், பராமரிப்பில்லாத மின்கம்பிகள், காப்பீட்டுப் பணத்துக்காக வைத்த தீ எல்லாம் அதில் உண்டு. 1975இல் நகர நிர்வாகமே கஜானா காலியாகித் தீயணைப்பு வீரர்களை வேலையை விட்டு அனுப்பியது. நிலையங்களை மூடினார்கள். மிச்சமிருந்தவர்கள் ஒரு தீயை அணைத்து ஹோஸைச் சுருட்டுவதற்குள் அடுத்த அழைப்பு வரும். அறுபதுகளின் கடைசியிலிருந்து எழுபதுகள் முடியும் வரை இருந்த அந்தக் காலத்தை அந்தத் துறையின் மூத்தவர்கள் இன்றும் 'போர்க்காலம்' என்றுதான் சொல்கிறார்கள்.

வியட்நாமிலிருந்து திரும்பிய பையன்களுக்கு ஊரில் மேளதாளம் இல்லை. போரை வெறுத்தவர்கள் இவர்களையும் சேர்த்து வெறுத்தார்கள். அப்படி வந்தவர்களில் பலருக்குத் தீயணைப்பு நிலையம் இடம் கொடுத்தது. ஒரே கூரையின் கீழ் சாப்பாடு, தூக்கம், வேலை. பக்கத்தில் நிற்பவனை நம்பி உள்ளே போகிற பழக்கம். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே யாரையும் சுட வேண்டியதில்லை. உள்ளே போவது ஆளை வெளியே கொண்டுவரத்தான். பிரவுன் ஹார்லெமில் லேடர் 26 என்ற தீயணைப்புக் குழுவில் வேலை பார்த்தார். அந்த நிலையத்துக்குப் பட்டப்பெயரே 'தீத் தொழிற்சாலை'.

போர் அவருக்குத் தைரியத்தைக் கொடுத்தது என்பதைவிட, போருக்குப் பிறகு கைகளுக்கு வேறு வேலை தேவைப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். ஆனால் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பதக்கங்கள் எல்லாம் தீயணைப்புத் துறை கொடுத்தவை. அந்தத் துறையின் வரலாற்றிலேயே மிக அதிகமாகப் பதக்கம் வாங்கியவர்களில் ஒருவர் அவர்.

14 செப்டம்பர் 2023

எந்தப் பதக்கம், எதற்காக என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பட்டியல் போடுவதைவிட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

1991 மே. மன்ஹாட்டனில் டைம்ஸ் சதுக்கத்தை ஒட்டிய உயரமான கட்டடம். 12ஆவது மாடியில் தீ. சன்னலில் ஒரு ஆள், இன்னொரு சன்னலில் இன்னொரு ஆள். பின்னால் புகையும் வெப்பமும் தள்ள, இருவரும் குதிக்கிற நிலையில் நிற்கிறார்கள். ஏணி எட்டவில்லை. பிரவுன் அப்போது ரெஸ்க்யூ 1 என்ற சிறப்பு மீட்புக் குழுவில் லெப்டினன்ட். ஆட்களோடு கூரைக்குப் போனார். கயிறு இருக்கிறது. ஆனால் அதை நம்பிக் கட்டுவதற்குக் கூரையில் வலுவான பிடிமானம் எதுவும் இல்லை.

சரி, என்ன செய்தார்கள்? ஆட்களே கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வீரரை இறக்கி, முதல் ஆளைச் சன்னலிலிருந்து தூக்கிக் கீழ்மாடிச் சன்னலில் சேர்த்தார்கள். அப்புறம் இரண்டாவது வீரரை இறக்கி, இரண்டாவது ஆளையும் அப்படியே மீட்டார்கள். கீழே கூடி நின்ற கூட்டமும் கேமராக்களும் பார்த்தது கயிற்றில் தொங்கியவர்களைத்தான்.

எனக்கோ கூரையில் இருந்தவர்களை நினைத்துத்தான் கை வியர்க்கிறது. தொங்குபவருக்குத் தன் உயிர் மட்டும்தான் கவலை. மேலே 'இறங்கு' என்று சொன்ன லெப்டினன்ட்டின் நிலை வேறு. கயிறு வழுக்கினால், இரண்டு பேர் எடையில் பிடித்தவர்களே விளிம்புக்கு இழுபட்டால், அந்த முடிவு அவருடையது. அன்று பிரவுன் கயிற்றில் தொங்கவில்லை. என் கணக்கில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான்.

கயிற்றைக் கையால் பிடித்து ஆளை இறக்கியவர்களுக்கு இது புரியும். எங்கள் பக்கத்துக் காட்டுக்கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. வண்டி வரப்பைத் தாண்டாது. சுற்றிலும் சீமைக்கருவேலம்தான், அதை நம்பி ஆளை இறக்க முடியாது. ஒரு முறை பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி விழுந்துவிட்டாள். பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தாள். நாங்கள் நான்கு பேர் ஒருவர் பின்னால் ஒருவராகத் தரையில் உட்கார்ந்து, குதிகாலை மண்ணில் புதைத்து, கயிற்றை இடுப்பைச் சுற்றி எடுத்துப் பிடித்தோம். இறங்கியவன் எங்களிலேயே இளையவன், எடை குறைந்தவன். முதலில் இருப்பவனுக்கு மட்டும்தான் கிணறு தெரியும். எனக்கு முன்னால் இருந்தவரின் சட்டை முதுகு மட்டும்தான் தெரிந்தது. கயிறு கனப்பதை வைத்துத்தான் பிள்ளையைத் தூக்கிவிட்டான் என்று தெரிந்துகொண்டேன். மேலே வந்ததும் ஊர்க்காரர்கள் இறங்கியவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அது நியாயம்தான். எனக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை.

15 செப்டம்பர் 2023

இரும்புக் குழாயில், புகைபோக்கியில் கட்டியிருக்கலாமே என்று கேட்டவருக்கு: கூரையில் நிற்கிற பொருள் எல்லாம் இரண்டு ஆள் எடையைத் தாங்காது. பழைய கட்டடத்தில் செங்கல் புகைபோக்கி ஒரு இழுப்பில் பெயர்ந்து வரும். தேடிப்பார்க்க நேரம் இருந்தால் தேடலாம். சன்னலில் நிற்பவன் குதிக்கப்போகிறான் என்றால் நேரம் இல்லை.

23 செப்டம்பர் 2023

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, 'நீங்கள் முன்னாள் ராணுவத்தினரோடு வேலை பார்த்ததுண்டா, இல்லை படித்துச் சொல்கிறீர்களா' என்கிறார். பார்த்திருக்கிறேன்.

என் முதல் நிலையத்தில் ஒரு அண்ணன் இருந்தார். பெயர் வேண்டாம். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். புதிதாக வந்த பையன்கள் நச்சரிப்பார்கள். "அது கெடக்கட்டும்டா, போய் வண்டியைத் துடை" என்று எழுந்து போய்விடுவார்.

தமிழ் பேசும் ஊரில், தமிழ் பேசும் ஜனங்களுக்கு நடுவே துப்பாக்கியோடு நின்ற தமிழ் சிப்பாய்க்கு மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அவரிடம் கற்றுக்கொண்டது வேறு. காலை ரோல்கால் முடிந்ததும் பொருள் சரிபார்ப்பு நடக்கும். மற்றவர்கள் பார்வையாலேயே எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். அவர் கயிற்றைச் சுருளிலிருந்து முழுக்கப் பிரித்து, கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு, விரல்களுக்கு நடுவே முழம் முழமாக இழுத்துக்கொண்டே போவார். எங்காவது புரி தளர்ந்திருந்தால், உள்ளே மண் ஏறியிருந்தால், விரல் நின்றுவிடும். அந்த இடத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டி, அதை மீட்பு வேலைக்கு எடுக்காதே என்று தனியே போடுவார். ஹோஸின் இணைப்பு வாஷர்களையும் அப்படித்தான் பார்ப்பார். தினமும். மழை நாளிலும்.

பட்டாசுக் கொட்டகைத் தீ என்றால் எங்களையெல்லாம் பின்னால் நிறுத்திவிட்டு, தான் மட்டும் குனிந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவருக்குப் பயம் உண்டு. வெடிமருந்து என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் எங்களைவிட அதிகமாகவே பயந்தார். அந்தப் பயம்தான் எங்களை உயிரோடு வைத்திருந்தது.

2 அக்டோபர் 2023

இப்போது 2001 செப்டம்பர் 11.

மகன் நியூஜெர்சியில் இருப்பதால் நினைவு அருங்காட்சியகத்துக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. பிரவுன் கடைசியில் கேப்டனாக இருந்த லேடர் 3 குழுவின் வண்டியைத் தரைக்கு அடியில், பெரிய கூடத்தில் வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் கிட்டத்தட்ட வண்டியாகவே இருக்கிறது. சிவப்புப் பெயின்ட் தெரிகிறது. முன்னால் நடந்து போனால் ஓட்டுநர் கேபின் இருந்த இடத்தில் முறுக்கிய தகடுதான் இருக்கிறது. கேபினில்தான் கேப்டன் உட்காருவார். நான் வண்டியின் பக்கவாட்டு அறைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தக் கதவுக்குள் எந்தக் கருவி இருக்கும் என்று என்னை அறியாமலே கை தேடியது. மகன் வந்து தோளைத் தொட்டபோதுதான் நகர்ந்தேன்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நியூயார்க்கில் எஞ்சின் குழு வேறு, லேடர் குழு வேறு. எஞ்சின் தண்ணீர் கொண்டுபோகும். லேடர் குழு கதவை உடைக்கும், ஆளைத் தேடும், புகை வெளியேற வழி திறக்கும். அதாவது பிரவுனின் குழுவின் வேலையே தேடி எடுப்பது. அவர்கள் நிலையம் கிழக்கு 13ஆவது தெருவில்.

அன்று காலை 8:46க்கு முதல் விமானம் வடக்குக் கோபுரத்தின் 93 முதல் 99 வரையிலான மாடிகளில் மோதியது. 9 மணிக்கு ஷிப்ட் மாறும் நேரம். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்களும் காலை வேலைக்கு வந்தவர்களும் ஒரே நேரத்தில் நிலையத்தில் இருந்தார்கள். வீட்டுக்குப் போக வேண்டியவர்களும் வண்டியில் ஏறிவிட்டார்கள். லேடர் 3 மட்டும் 11 பேரை இழந்தது. துறை மொத்தம் இழந்தது 343 பேர்.

இனி ஒரு கணக்கு. மூச்சுக் கருவி, கனமான உடை, ஹோஸ், உடைக்கும் கருவிகள் எல்லாம் சுமந்துகொண்டு ஏறியவர்களுக்கு ஒரு மாடிக்குச் சுமார் 2 நிமிடம் ஆனதாகப் பிற்பாடு நடந்த அரசு ஆய்வு சொன்னது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிக்கட்டு அகலமில்லை, எதிரே ஜனங்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். 93ஆவது மாடிக்குப் போக மூன்று மணி நேரம் ஆகும். மோதிய நேரத்திலிருந்து வடக்குக் கோபுரம் நின்றது 102 நிமிடம். தீ இருந்த மாடிகளை நடந்து எட்டியிருக்கவே முடியாது.

கீழே முகப்பில் நின்ற தலைமை அதிகாரிகள் இந்தத் தீயை அணைக்க முடியாது, ஆட்களை வெளியேற்றுவது மட்டும்தான் வேலை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். ஏறியவர்களுக்கும் தெரியும். நடக்க முடியாதவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், பூட்டிக்கொண்ட லிஃப்டுக்குள் மாட்டியவர்கள், தீக்காயத்தோடு படியில் உட்கார்ந்துவிட்டவர்கள். இவர்களுக்காகத்தான் ஏறினார்கள். பிரவுன் 35ஆவது மாடியிலிருந்து தொலைபேசியில் பேசியிருக்கிறார். காயம்பட்டவர்கள் படியில் இறங்கி வருகிறார்கள், நாங்கள் மேலே போய்க்கொண்டிருக்கிறோம் என்று தகவல் கொடுத்தார். நிலைமை என்ன, நாங்கள் எங்கே, எந்தப் பக்கம் போகிறோம். அவ்வளவுதான். எந்த நிலையத்திலும் கட்டுப்பாட்டு அறைக்கு இப்படித்தான் பேசுவார்கள்.

அவருக்கு அப்போது வயது 48.

5 அக்டோபர் 2023

நேற்று முழுக்க இது மண்டையைக் குடைந்தது. 'அணைக்க முடியாது என்று தெரிந்தும் ஏற்றியது தவறுதானே, இது வீரமா விரயமா' என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

தெற்குக் கோபுரம் 9:59க்கு விழுந்தது. வடக்கில் ஏறிக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அது விழுந்ததே தெரியாது. கட்டடம் குலுங்கியது, சத்தம் கேட்டது, அவ்வளவுதான். இறங்கி வரச் சொல்லி உத்தரவு போனது. வடக்குக் கோபுரம் விழுந்தது 10:28க்கு. நடுவில் 29 நிமிடம் இருந்தது. சிலருக்கு வயர்லெஸ்ஸில் அந்த உத்தரவு கேட்கவே இல்லை. சிலருக்குக் கேட்டும், கூட இருந்தவரை விட்டுவிட்டு இறங்க மனம் வரவில்லை. சிலர் கேட்டு, இறங்கி, பிழைத்தார்கள்.

உயரமான கட்டடத்தில் அலை எட்டாது என்பது புதிய விஷயம் அல்ல. 1993இல் அதே கட்டடத்தில் குண்டு வெடித்தபோதே வயர்லெஸ் சிக்கல் வெளிப்பட்டது. அலையைப் பெருக்கும் கருவியை அதற்குப் பிறகுதான் பொருத்தினார்கள். செப்டம்பர் 11 அன்று வடக்குக் கோபுர அதிகாரிகள் அதைச் சோதித்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று நினைத்து விட்டுவிட்டார்கள். தெற்கில் அதே கருவி வேலை செய்தது. இதைப் படித்தபோது நெஞ்சு பதறியது. விரலால் தடவிப் பார்க்க வேண்டிய கயிறு அவர்களுக்கு இதுதான்.

முதலில் எழுதியதை இன்று கொஞ்சம் மாற்றிச் சொல்ல நினைக்கிறேன். பிரவுன் ஏறியது சரியா என்று கேட்டால், ஆம். படியில் ஆட்கள் இருக்கும்வரை லேடர் குழுவுக்கு மேலே போவதுதான் வேலை. அவரைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிட முடிந்ததா என்று கேட்டால், இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் படத்துக்கு மாலை போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த கோபுரத்திலும் கருவி வேலை செய்யாது.

19 அக்டோபர் 2023

இன்னொரு சிப்பாய் ஞாபகம் வந்தது. ரொனால்ட் புக்கா. அமெரிக்கத் தரைப்படையின் 101ஆவது வான்வழிப் பிரிவில் இருந்தவர், பின்பு சிறப்புப் படையின் ரிசர்வ் வீரர். இவரும் ரெஸ்க்யூ 1காரர். 1986இல் ஒரு மீட்பின்போது ஐந்து மாடி உயரத்திலிருந்து விழுந்தார். வழியில் ஒரு கம்பியில் பட்டதால் வேகம் குறைந்து உயிர் தப்பினார். முதுகெலும்பு முறிந்தது. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். ஒரு வருடம் போல உடற்பயிற்சி செய்து தேறி, அதே ரெஸ்க்யூ 1க்குத் திரும்பி வந்தார். 'பறக்கும் தீயணைப்பு வீரர்' என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் ஃபயர் மார்ஷலாகி, தீ எப்படிப் பிடித்தது என்று புலனாய்வு செய்யும் வேலைக்குப் போனார்.

செப்டம்பர் 11 அன்று தெற்குக் கோபுரத்தில் 78ஆவது மாடி வரை போய்விட்டார். அங்கே ஏழாவது பட்டாலியன் தலைவர் ஓரியோ பால்மரும் எட்டியிருந்தார். பால்மருக்கு 40ஆவது மாடி வரை வேலை செய்த ஒரு லிஃப்ட் கிடைத்தது. மிச்சத்தை ஓடியே ஏறினார். அவர் குரல் ஒலிப்பதிவில் இருக்கிறது. தீ இரண்டு இடங்களில் தனித்தனியாக இருக்கிறது, இரண்டு ஹோஸ் லைன் இருந்தால் அடித்துவிடலாம் என்கிறார். சுற்றிலும் காயம்பட்டவர்கள் கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டு எத்தனை லைன் வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார். அதைக் கேட்டபோது இது நம் ஆள் என்று தோன்றியது. சில நிமிடங்களில் கட்டடம் இறங்கிவிட்டது.

பணியில் உயிர்விட்ட முதல் நியூயார்க் ஃபயர் மார்ஷல் புக்கா. 2003இல் அமெரிக்கப் படை ஈராக்கில் உம் கஸ்ர் அருகே இருந்த சிறை முகாமுக்கு அவர் பெயரை வைத்தது. கேம்ப் புக்கா. பின்னாளில் ஐ.எஸ். தலைவனான அபுபக்கர் அல் பாக்தாதி 2004இல் அங்கே அடைபட்டிருந்தான். இன்று புக்கா என்று தேடினால் அந்தச் சிறையும் அவனும்தான் முதலில் வருகிறார்கள். மரியாதை செய்வதாக நினைத்து ஒரு மீட்பு வீரனின் பெயரைச் சிறைக்கு வைத்தது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

8 நவம்பர் 2023

'கேப்டன், லெப்டினன்ட், பட்டாலியன் எல்லாம் ராணுவப் பெயர்கள். வியட்நாம்காரர்கள் கொண்டுவந்ததா?' இல்லை, ரொம்பப் பழசு.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியபோது நியூயார்க்கின் தன்னார்வத் தீயணைப்பாளர்களைத் திரட்டி எல்மர் எல்ஸ்வொர்த் என்ற இளைஞர் ஒரு படைப்பிரிவே அமைத்தார். வாஷிங்டனில் முகாமிட்டிருந்தபோது வில்லர்ட் ஹோட்டலை ஒட்டித் தீப்பிடித்தது. ஏணி போதாத இடத்தில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி அணைத்தார்கள். அந்த மாதமே எல்ஸ்வொர்த் சுடப்பட்டு இறந்தார். ஆக, தீயணைப்பாளர் சிப்பாயானதுதான் முதலில்.

போர் முடிந்த 1865இல் நியூயார்க்கில் தன்னார்வக் குழுக்களைக் கலைத்துச் சம்பளத்துக்கு ஆள் வைத்த துறை வந்தது. 1867இல் அதன் தலைமைக்கு வந்தவர் அலெக்சாண்டர் ஷேலர், வடக்குப் படையின் ஜெனரல். மேரீஸ் ஹைட்ஸ் சண்டையில் காட்டிய வீரத்துக்காக நாட்டின் மிக உயர்ந்த பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் அவருக்குப் பிற்பாடு கிடைத்தது. பட்டாலியன் அமைப்பு, பயிற்சி, பதவி உயர்வுக்குத் தகுதி, ஒழுங்கு நடவடிக்கை எல்லாவற்றையும் ராணுவப் பாணியில் மாற்றியவர் அவர். அதே ஷேலர் 1880களில் படைக் கிடங்குகளுக்கு இடம் வாங்கியதில் லஞ்சப் புகாரில் சிக்கி வழக்கைச் சந்தித்தார். பதக்கம் வாங்கியவர் வாழ்க்கை முழுக்கச் சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.

10 நவம்பர் 2023

போர் பிரவுனுக்குள் என்ன செய்தது, அதை எப்படிச் சமாளித்தார் என்று ஒரு சகோதரி கேட்டார். உள்ளே போய்ப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. வெளியே தெரிந்ததைச் சொல்லலாம். குத்துச்சண்டை போட்டார். கராத்தேயில் கறுப்புப் பட்டை. பார்வையற்றவர்களுக்குத் தற்காப்பு கற்றுக்கொடுத்தார். யோகா ஒழுங்காகச் செய்தார், அதுவும் தீயணைப்பு நிலையத்தில் யோகா என்றால் சிரிக்கிற காலத்தில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இலங்கைக்குப் போய்வந்த எங்கள் நிலையத்து அண்ணன் தென்னந்தோப்பு வைத்து, தினமும் விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போவார். வேலை நாளிலும் போய்விட்டுத்தான் ரோல்காலுக்கு வருவார். ஆளுக்கு ஆள் ஒரு வழி வேண்டியிருக்கிறது.

14 ஏப்ரல் 2024

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இந்தத் தேதி எங்கள் துறைக்கு அஞ்சலி நாளும்கூட. 1944 ஏப்ரல் 14இல் பம்பாய் விக்டோரியா துறையில் வெடிமருந்தும் பருத்திப் பொதியும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டைகின் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன 66 தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். இன்றிலிருந்து ஒரு வாரம் நாடு முழுக்கத் தீத்தொண்டு வாரம். பக்கத்து நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஹோஸைப் பிடித்துப் பார்க்க விடுவார்கள்.

கேள்வி கேட்டவருக்குக் கடைசிப் பாதிக்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தேன். முன்னாள் ராணுவத்தினரை மட்டும் எடுக்க வேண்டுமா? வேண்டாம். நம் மாநிலத் தேர்விலேயே அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. நியூயார்க்கிலும் தேர்வு மதிப்பெண்ணோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள், போரில் ஊனமுற்றவர்களுக்கு 10, மற்ற முன்னாள் படையினருக்கு 5. அந்த அளவுக்கு இருந்தால் போதும். கிணற்றில் இறங்கிய அந்த இளையவன் ராணுவத்தைக் கண்ணால் பார்த்தவன் இல்லை, மீன்பிடிக் குடும்பத்துப் பையன். நீச்சல் அவனுக்கு ரத்தத்தில் இருந்தது.

ஆனால் ராணுவத்திலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏ.டி.எம். வாசலிலும் அபார்ட்மென்ட் கேட்டிலும் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். நாற்பது வயதுக்குள் உள்ளவர்கள் கயிறு, முடிச்சு, முதலுதவி, வயர்லெஸ் எல்லாம் தெரிந்தவர்கள். உங்கள் அண்ணன் மகன் இந்த வருடம் ராணுவத்திலிருந்து வருகிறான் என்று எழுதியிருந்தீர்கள். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். படைப்பணிச் சான்றிதழை இப்போதே எடுத்து வைக்கட்டும், கடைசி நேரத்தில் அதற்குத்தான் அலைவார்கள். அப்புறம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முதல் வருடம் வருகிற அழைப்பில் பாதி வீட்டுக்குள் நுழைந்த பாம்பும் கிணற்றில் விழுந்த மாடும்தான். அதற்கும் அதே வேகத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். சம்மதம் என்றால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், உடல்திறன் தேர்வுக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.